மற்றவை

டல்லமரைன் விமான நிலையத்துக்குப் பின்னால்
ஜன்னல் வைக்க மறந்த கொட்டகையில்
இன்று காலை நாற்பத்தேழாவது பொட்டலம்:
அலங்காரப் பெட்டி, மரம், பழையது.
அனுப்பியவர் காரைக்குடி கடைக்காரர்.
பெறுபவர் ஐரீன் ஃபாலன், பெண்டிகோ.
எக்ஸ்ரே திரையில் அது
ஐந்து குழி விழுந்த சாம்பல் நிழல்.

என் வேலை ஓட்டை தேடுவது.
டார்ச் அடித்து, ஊசி விட்டு,
வண்டு தின்ற மாவு உதிர்கிறதா என்று பார்ப்பது.
உதிர்ந்தது.
மூடியில் நிற்கும் யாளியின் தொடையில் மூன்று,
கொடிக்கருக்கில் ஒன்று,
செதுக்கியவன் உளி பிசகியதோ என்று
நான் இரண்டு முறை ஏமாந்த இடத்தில் இன்னொன்று.

கீல் கிடையாது. ஒற்றை ஆணியில் மூடி
பக்கவாட்டில் சுழன்று, முனகி, நின்றது.

நடுக்குழியில் குங்குமம்
காய்ந்து வெடித்திருக்கிறது, கோடையில் கண்மாய்போல.
அதன்மேல் ஒரு ஊக்கு,
ஜோடி இல்லாத தோட்டுத் திருகாணி,
எழுத்து அழிந்து மடித்த பஸ் டிக்கெட்.
பக்கத்துக் குழியில் திருநீறு.
அதன் விளிம்பை மட்டும் விரல்கள்
ஒருபுறமாகச் சாய்த்துத் தேய்த்திருக்கின்றன.
கரண்டிமூக்கு மாதிரி ஆகியிருக்கிறது மரம்.
ஒரு குழி எந்தத் தேதியில் ஓய்ந்தது,
மற்றது அதன்பின் எத்தனை வருஷம்
தனியாக உழைத்தது,
யாரும் எழுதி வைக்கவில்லை.
நானும் கையுறையோடுதான் தொடுகிறேன்.

கணினி கேட்கிறது: தூளின் வகை?
விதை. மண். உணவு. அழகுசாதனம். மற்றவை.
மண் என்றால் மூன்று வாரம் ஆய்வகத்தில் தூங்கும்.
அழகுசாதனம் என்றால், அந்த விளிம்பு பொய்யாகிவிடும்.
பசுஞ்சாணம் சுட்ட சாம்பல் என்று
உள்ளதை உள்ளபடி சொன்னாலோ
அதற்குத் தனிப் படிவம், தனி மேலதிகாரி.

"சென், அது என்ன?" என்றான் பக்கத்து மேசை பிரென்டன்.
(செண்பகவல்லி அட்டைக்குள் அடங்கவில்லை.)
"நெற்றிக்கு."
"மருந்தா?"
"தலைவலிக்கு இல்லை."
அவன் தன் பொட்டலத்துக்குத் திரும்பினான்,
யாரோ அனுப்பிய உயிருள்ள நத்தைகள்.
நான் 'மற்றவை' என்று தட்டினேன்.

பிறகு சுரண்டினேன்.
குங்குமம் ஓடு ஓடாகப் பெயர்ந்தது.
திருநீறு தட்டியதும் வந்துவிட்டது.
இரண்டும் ஒரே மஞ்சள் பைக்குள்.
மூடியின் உட்புறத்தில் ரசம் போன கண்ணாடித் துண்டு,
அதில் அரை முகம்:
வலைத்தொப்பி இறுக்கிய சிவந்த கோடு
நெற்றியில் குறுக்கே.

அன்புள்ள திருமதி ஃபாலன்,
தங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன:
புகையூட்டல், திருப்பி அனுப்பல், அழித்தல்.
செலவு தங்களுடையது.

பதினோரு நிமிஷத்தில் பதில்.
புகையூட்டுங்கள், எவ்வளவானாலும் சரி.
காதுக் கருவியின் பேட்டரி வைக்க வாங்கினேன்,
படத்தில் பார்த்ததுமே குழிகள் அளவாக இருந்தன.
வலது, இடது, புதுசு, தீர்ந்தது.
தினமும் எழுந்ததும் கண்ணாடி பார்த்துத்தான்
மாட்டிக்கொள்கிறேன்.
அதுவரை உலகத்தில் சத்தமே கிடையாது.
ஐந்தாவது குழியில் என்ன வைப்பார்கள்?
உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

எங்கள் அலுவலகப் பதில் மாதிரிகள் அறுபத்திரண்டு.
ஒன்றிலும் இதற்கு விடை இல்லை.

பெட்டி நாளைக்கு மெத்தில் புரோமைடு அறைக்குள் போகும்.
சாம்பிராணி இல்லை, வாசனை கிடையாது,
இருபத்துநாலு மணி நேரம்.
யாளியின் தொடைக்குள் என்ன இருக்கிறதோ அது சாகும்.
டிக்கெட்டையும் திருகாணியையும்
உறையில் போட்டு எண் எழுதினேன்.
ஊக்கு வெறும் இரும்பு, விதியில் தடையில்லை.
அதை ஐந்தாவது குழியில் வைத்து
மூடியைச் சுழற்றினேன்.